கதவடியில் ஈரத் துவாய்

யோகாம்பிகையின் கிளாஸ்கோக் குறிப்புகளை ஸ்டென்சில் தாளில் எழுதி, என் வேலையிடத்து ரோனியோ இயந்திரத்தில் உருட்டி, ஐம்பது பிரதி எடுத்துக் கொடுத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "மனோன்மணி என்ன பெரிய நீதிபதியா, ஊராரைப் பற்றி எழுத வந்துவிட்டாள்" என்று யாரும் வாயைக் கோணக் கூடாது. பதினான்காம் குறிப்பின் கீழே இரட்டைக் கோடு போட்டதும் என் கைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

ஸ்காபரோவில், டோர்செற் பார்க்கில், பதினாலு மாடிக் கட்டிடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் எங்கள் இரண்டு வீடுகளும் எதிரெதிர்க் கதவு. 1976ஆம் ஆண்டு தை மாதத்துக் கதை இது. அப்போது ரொறன்ரோவில் தமிழ்ச் சனம் எத்தனை பேர்? பஸ்ஸில் ஒரு தமிழ்க் குரல் கேட்டால், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அந்த ஆளோடு கதைத்துக்கொண்டே போகிற காலம் அது. அந்தக் கொஞ்சச் சனத்துக்குள் "கிளாஸ்கோ அக்கா" என்றால் எல்லாருக்கும் யோகத்தைத் தெரியும்.

அவள் கோப்பாய்க்காரி. அருளம்பலம் அண்ணையைக் கட்டி, அவர் கப்பல் வரைபடம் படிக்கப் போன இடத்துக்குப் பின்னாலேயே போய், கிளாஸ்கோவில் ஐந்து வருடம் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தியவள். அறுபத்தொன்பதில் இங்கே வந்தார்கள். அண்ணை ஒரு கொம்பனியில் வரைபடம் கீறினார். யோகம் ஒரு பெரிய கடையில், சனங்கள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கிற உடுப்புகளைத் தரம் பிரித்தாள். ஏழு வருடமாக ரொறன்ரோவில் இருந்தும் அவளுக்கு இந்த ஊரில் ஒட்டு வரவில்லை. கிளாஸ்கோவைத்தான் பிறந்த வீட்டைப் போலப் பேசுவாள். அங்கே பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற அந்நியன் தன் மாமியாரின் முழங்கால் நோவு வரை சொல்லுவானாம். இங்கே எத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தாலும் லிப்டில் மாடி எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். பிள்ளை இல்லை. யாராவது கேட்டால், "ஒண்டு தரிச்சது, தங்கேல்லை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழும்பிவிடுவாள்.

கிளாஸ்கோவுக்கு எங்கள் டாக்குத்தர்மார் சோதனை எழுதப் போவார்கள். சிலர் லண்டனில் இருக்கிற அண்ணன் தம்பியைப் பார்க்கப் போகிற சாட்டில் இரண்டு நாள் வடக்கே கிளாஸ்கோவையும் எட்டிப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் பயணச்சீட்டு மலிவு என்பதால் பெரும்பாலும் தை, மாசியில்தான் போவார்கள். புறப்படுமுன் எல்லாரும் யோகத்திடம் வந்து உட்காருவார்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலித்தது. "சொல்லடி, எழுதித் தொலைக்கிறேன்" என்று நான்தான் பேனையை எடுத்தேன்.

மோசமான குறிப்புகள் என்று சொல்ல மாட்டேன். ரொறன்ரோவில் போடுகிற தடித்த கோட்டைக் கொண்டுபோய் அங்கே மினுக்காதீர்கள், அங்கே எதிரி பனியல்ல, மழை. அது பக்கவாட்டில் அடிக்கும், குடையைத் திருப்பிப் போட்டுவிடும், நல்ல மழைக்கோட்டு ஒன்று போதும். காலை ஒன்பது மணிக்குக் கிட்டத்தான் வெளிச்சம், நாலரைக்கு இருட்டு; ஆகையால் பழைய பெரிய தேவாலயத்தையும் அதன் பின்னால் இருக்கிற கல்லறைக் குன்றையும் மத்தியானத்தோடு பார்த்து முடியுங்கள். இருட்டினால்தான் அந்த ஊருக்கு உயிர் வரும். நாடகம், பாட்டு, நடனக் கொட்டகை எல்லாம் அப்போதுதான். சுரங்க ரயில் வட்டமாக ஓடுகிறது, இறங்க மறந்தால் பதறாமல் இருங்கள், அதே இடத்துக்குத் திரும்ப வரும். சனி, ஞாயிறில் கூடுகிற சந்தையில் வெட்கப்படாமல் பேரம் பேசுங்கள். பந்தாட்டம் நடக்கிற சனிக்கிழமையில் கழுத்தில் பச்சையும் வேண்டாம், நீலமும் வேண்டாம், அவை தெருவில் அடிபடுகிற இரண்டு கட்சிக்காரரின் நிறங்கள், மண்ணிறத்தில் எதையாவது சுற்றிக்கொண்டு போங்கள்.

இதுவரை நல்லது. பன்னிரண்டாம் குறிப்பிலிருந்து சனியன் தொடங்குகிறது. சைவக்காரர் வெளியில் உருளைக்கிழங்குப் பொரியலைக்கூட நம்பித் தின்னக் கூடாது, மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள் என்றது அது. வாடகை அறையில் கேஸ் அடுப்பும் கேஸ் ஹீற்றரும் இருக்கும், மீற்றருக்குள் காசு போட்டால் எரியும், சோறு கறி சமைத்துக்கொள்ளுங்கள் என்றது பதின்மூன்று. பதினான்கை நான் எழுதினபடியே தருகிறேன்:

"வீட்டுக்காரிக்கு எங்கள் கறி மணம் ஆகாது. சமைக்க முன் துவாயை நனைத்துக் கதவடியில் இறுக்கி வையுங்கள். சுவரில் உள்ள காற்றுத் துவாரத்துக்குள் பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடையுங்கள். ஒரு பொட்டு மணம் வெளியே போகாது. விடியும்வரை எடுக்க வேண்டாம்."

பதினைந்து: "இரவில் தலையிடிக்கும், வயிற்றைப் பிரட்டும். பயப்பட வேண்டாம். அது கிளாஸ்கோக் குளிர்த் தலையிடி. தைலம் பூசிப் போர்த்துக்கொண்டு படுங்கள்."

இதை வாசிக்கிற உங்களுக்கு இப்போது பகீரென்று இருக்கும். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. போனவர்களில் மச்ச மாமிசம் தின்கிறவர்கள் வெளியே சாப்பிட்டார்கள், இரண்டு நாளில் திரும்பினார்கள். ஒரு டாக்குத்தர் மட்டும், அவரே டாக்குத்தர் என்பதைக் கவனியுங்கள், திரும்பி வந்து, "அக்கா, நீங்கள் சொன்ன தலையிடி எனக்கும் வந்திட்டுது" என்று சிரித்தார். யோகம் உடனே என் பக்கம் திரும்பி, "பாத்தியே? நான் சும்மா எழுதச் சொல்லேல்லை" என்றாள். பதினான்காம் குறிப்பில் அவளுக்குத் தனிப் பெருமை. அது அருளம்பலம் அண்ணையின் கண்டுபிடிப்பு. யாராவது புகழ்ந்தால் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "உதிலை என்ன கிடக்கு, சின்ன எஞ்சினியர் மூளை" என்பார். அதிகம் பேசாத மனிதர் அந்த ஒன்றுக்கு மட்டும் வாய் திறப்பார்.

அந்தத் தை மாதத்தில் நரசிம்மன் வந்தார். கும்பகோணத்துப் பிள்ளை, கெட்டிக்காரன், தண்ணீர்ப் பம்பு செய்கிற கொம்பனியில் வேலை. ஒரு வாரப் பயிற்சிக்குக் கிளாஸ்கோ அனுப்புகிறார்களாம். மனைவி வைதேகி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான். தனியே இருக்கப் பயம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போகிறார். அவளுக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். முட்டைகூடத் தொடாத குடும்பம். யோகம் தன் பழைய வீட்டுக்காரி மிஸஸ் ரென்னியின் விலாசத்தை எழுதிக் கொடுத்து, தான் இருந்த அதே அறையைக் கேட்டு வாங்கச் சொன்னாள்.

வைதேகி பட்டியலைக் கவனமாக வாசித்தாள். "மாமி, ரசத்துல பெருங்காயம் போட்டா வீடு முழுக்க மணக்குமே. அந்த அம்மா வெளியில தள்ளிட்டா நாங்க குளிர்ல எங்க போவோம்?"

"உதுக்குத்தானே பதினாலாம் நம்பர்!" என்று யோகம் கைதட்டிச் சிரித்தாள். "துவாயை நல்லாய் நனைச்சு வையுங்கோ. நான் ஐஞ்சு வரியம் இருந்தனான், ஒரு நாள் மணத்துக்குப் பேச்சு வாங்கினதில்லை. வயித்துப் பிள்ளைக்காறி, வெளியிலை பட்டினி கிடவாதேங்கோ. நேரத்துக்குச் சமைச்சுச் சாப்பிடுங்கோ."

அந்தப் பெண் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை. அண்ணை மேலதிக வேலைக்குப் போயிருந்தார். யோகத்தின் வீட்டு றேடியேற்றர் சூடு பிடிக்கவில்லை என்று, கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் டங்கன் வந்திருந்தான். அறுபது வயதுக்காரன், கிளாஸ்கோவில் பிறந்தவன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவன் வந்தால் அவள் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து ஒரு மணித்தியாலம் மறிப்பாள். நானும் அங்கே இருந்தேன். அவன் முழங்காலில் நின்று திருகாணியைத் திருப்பிக்கொண்டிருக்க, அவள் தன் இங்கிலீஷில் மிஸஸ் ரென்னி வீட்டுக் கதைகளை எடுத்துவிட்டாள். துவாய்க் கதையும் வந்தது. மணத்தை எப்படிக் கட்டிப் போட்டோம், கிழவியை எப்படி ஏமாற்றினோம் என்று நடித்துக் காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

டங்கன் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருகு சாவியை நிலத்தில் வைத்தான்.

"கேஸ் எரிந்துகொண்டு இருக்கும்போதா அடைத்தீர்கள்?" என்று கேட்டான்.

"ஓம், பின்னை? குளிருக்கு ஹீற்றர் வேணுமே."

"தலை இடித்ததா?"

"ஒவ்வொரு இரவும். அது உங்கள் ஊர்க் குளிர்த் தலையிடி."

"அம்மா, குளிர்த் தலையிடி என்று ஒன்று எங்கள் ஊரில் இல்லை" என்றான் டங்கன். சுவரிலிருக்கிற அந்த ஓட்டை மணம் போவதற்கல்ல, நெருப்புக்குக் காற்று வருவதற்கு. அதை அடைத்தால் நெருப்பு அரைகுறையாக எரிந்து நஞ்சை விடும். அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் தலையிடி, பிறகு வயிற்றைப் பிரட்டிச் சத்தி, பிறகு நித்திரை. நித்திரை வந்தால் முடிந்தது. தன் தங்கையும் அவள் புருஷனும் அப்படித்தான் ஒரு கட்டிலில் கிடந்தார்கள் என்று சொல்லி, அவன் தொப்பியைக் கழற்றினான். இதையெல்லாம் நான் இப்போது கோர்வையாக எழுதுகிறேன். அப்போது அவன் திக்கித் திக்கித்தான் சொன்னான்.

யோகம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மனோ, அந்தப் பிள்ளை!" என்றாள்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் மணிக்கூட்டைப் பார்த்தேன். இங்கே ஒன்று அடிக்கப் பத்து நிமிடம். அங்கே ஆறு அடிக்கப் பத்து. இருட்டி ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. நேரத்துக்குச் சமைத்துச் சாப்பிடு என்று நாங்களே சொல்லி அனுப்பிய பெண், இந்த நேரம் துவாயை நனைத்துக்கொண்டிருப்பாள். மூன்று இரவு ஏற்கெனவே போய்விட்டது. அந்த மூன்று இரவும் என்ன நடந்ததோ, அவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்களோ என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

யோகம் போனை எடுத்துத் தப்பான எண்ணைச் சுழற்றினாள். போனைப் பறித்து நான்தான் ஒப்பரேற்றரைப் பிடித்தேன். மிஸஸ் ரென்னி வீட்டு நடையில் ஒரு போன் உண்டு. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு இளந்தாரி எடுத்தான். பின்னால் பாட்டுச் சத்தம். கிழவி பிங்கோ விளையாடப் போய்விட்டாளாம், ஒன்பதுக்குத்தான் வருவாளாம். மேலே இரண்டாம் மாடியில் இருக்கிற இந்தியப் பெண்ணைக் கூப்பிடு, ஆபத்து என்று கத்தினேன். அவன் போனான். திரும்பி வந்து, "தட்டினேன், பதில் இல்லை. வெளியே போயிருப்பார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை அல்லவா?" என்று சொல்லி, நான் வாய் திறக்குமுன் வைத்துவிட்டான். பாழாய்ப் போவான்! இன்னொருமுறை அடித்தேன். எடுக்க ஆளில்லை.

பிறகு பொலிசைப் பிடித்தேன். கதவுக்குக் கீழே ஈரத் துவாய் இருக்கிறது, கறி மணம் போகாமல் இருக்க வைத்தது, அதனால் ஒரு பெண் சாகப் போகிறாள் என்று நான் சொன்னால் எந்தப் பொலிஸ்காரன் நம்புவான்? அந்தப் பக்கத்து மனிதர் பொறுமையாக, "கறியா? கறியில் என்ன பிரச்சினை, அம்மா?" என்று கேட்டார். அவர் பேச்சு எனக்கு அரைவாசி விளங்கவில்லை. என் பேச்சு அவருக்கு முழுக்க விளங்கவில்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. டங்கன் என் கையிலிருந்து போனை வாங்கினான். இத்தனை வருடம் எங்களோடு நிறுத்தி நிறுத்திப் பேசிய மனிதன், தன் ஊர்ப் பேச்சில் மடமடவென்று கொட்டினான். ஒரு சொல்கூட எங்களுக்குப் பிடிபடவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒருவரை அனுப்புகிறார்களாம்" என்றான் வைத்துவிட்டு. "ஆனால் இன்று பெரிய பந்தாட்டம். பொலிசெல்லாம் தெருவில் நிற்கிறதாம். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார்கள் என்று சொல்ல முடியாதாம்."

அதற்குப் பிறகு காத்திருந்தோம். டங்கன் கதிரையின் நுனியில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. நான் யன்னலடியில். வெளியே கென்னடி றோட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, கார்கள் விளக்குப் போட்டு ஊர்ந்தன. நான் வேண்டாத தெய்வமில்லை. நேர்த்தி வைக்க ரொறன்ரோவில் ஒரு கோயில்கூட அப்போது கிடையாது.

யோகம் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து விரல்களை மடிக்கத் தொடங்கினாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வாய்க்குள் எண்ணுவது கேட்டது.

"மனோ, எனக்கு ஐஞ்சு மாசம் அப்ப" என்றாள். "அறுபத்தாறாம் ஆண்டு. அந்தக் குளிர் முழுக்க எனக்குச் சத்தி. தலை தூக்கேலாது. கட்டிலாலை எழும்பினது பாத்றூமுக்கு மட்டுந்தான். இவர்தான் வேலையாலை வந்து சமைக்கிறது, இவர்தான் துவாயை நனைச்சு வைக்கிறது, இவர்தான் தைலம் பூசிவிடுறது. பகல் முழுக்க வெளியிலை நிண்ட மனிசனுக்கு ஒண்டுமில்லை. நான் அதுக்குள்ளையே கிடந்தன். ஒரு நாள் விடிய எல்லாம் கலைஞ்சு போட்டுது. ஆம்பிளைப் பிள்ளை. உப்பிடி நடக்கிறதுதான் எண்டு டொக்டர் சொன்னவர். குளிர் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நாங்களும் நினைச்சம்."

"அதெல்லாம் உப்பிடித்தான் எண்டு ஆர் கண்டது? விசர்க்கதை கதையாதை" என்று அதட்டினேன். ஆறுதல் சொல்லத் தெரியாத நாக்கு என்னுடையது.

அவள் என் கையைப் பிடித்தாள். "இவருக்குத் தெரியப்படாது. நான் செத்தாலும் பரவாயில்லை. இவருக்கு மட்டும் தெரியப்படாது, மனோ. இந்த மனிசன் தாங்காது."

போன் இரண்டு ஐம்பதுக்கு அடித்தது. டங்கன் எடுத்தான். கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். உயிர் இருக்கிறது.

பொலிஸ்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. கதவுக்குக் கீழே வெளிச்சமும் தெரியவில்லை. ஒரு மணமும் இல்லை. துவாய் அவ்வளவு நன்றாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது. அறையில் ஆள் இல்லை என்று முடிவுகட்டித் திரும்பியவர், சப்பாத்துக்கடியில் கம்பளம் சொதசொதவென்று ஈரமாக இருப்பதை உணர்ந்து குனிந்து தொட்டுப் பார்த்திருக்கிறார். அதன் பிறகுதான் தோளால் கதவை இடித்தாராம். வைதேகி கட்டிலில் போர்த்துக்கொண்டு கிடந்தாள். நெற்றியில் தைலம். அடுப்பில் ரசம் வற்றிக் கருகியிருந்தது. நரசிம்மன் பயிற்சி முடிந்த விருந்துக்குப் போயிருந்தார், எட்டு மணிக்குத்தான் திரும்புவதாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாதாம்.

"எப்ப சொல்லுவினமாம்?" என்று யோகம் கேட்டாள்.

அதை டங்கன் அவர்களிடம் கேட்டு வைக்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் யோகம் வேலைக்குப் போகவில்லை. பட்டியல் வாங்கிய அத்தனை பேருக்கும் போன் போட்டாள். "பதினாலையும் பதினைஞ்சையும் வெட்டுங்கோ, இல்லாட்டித் தாளைக் கிழிச்செறியுங்கோ" என்று ஐம்பது வீட்டில் சொன்னாள். ஏன் என்று சொன்னாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று சொன்னாள், தன் கதையை மட்டும் சொல்லவில்லை. அண்ணை வீட்டில் இருக்கிற நேரம் போனைத் தொட மாட்டாள். அவரிடம் கிளாஸ்கோவில் ஹீற்றர் பழுதாகி அந்தப் பெண் மயங்கிவிட்டாள் என்று சொல்லி வைத்தாள். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அது பெரிய பாடு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நரசிம்மனும் வைதேகியும் வந்தார்கள். நானும் போனேன், எப்படிப் போகாமல் இருக்க? அவள் பாதியாகிப் போயிருந்தாள். ஆனாலும் வயிறு தெரிந்தது. பிள்ளை அசைகிறதாம், டாக்டர் நம்பிக்கை சொல்லியிருக்கிறாராம். உள்ளே வந்ததும் வராததுமாக நரசிம்மன் யோகத்தின் காலில் விழுந்துவிட்டார்.

"மாமி, நீங்க மட்டும் அன்னிக்கு போன் பண்ணலேன்னா ரெண்டு உயிர் போயிருக்கும். எங்க குலதெய்வம் மாதிரி நீங்க."

"எழும்புங்கோ தம்பி, ஐயோ, எழும்புங்கோ" என்று யோகம் பின்னால் பின்னால் போனாள். சுவர் மறித்தது.

அண்ணை கதிரையில் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சினியர் கேட்கிற மாதிரி அமைதியாகக் கேட்டார். "ஹீற்றரிலை என்ன பழுதாம்?"

"ஹீட்டர்ல ஒண்ணுமில்லை சார், புதுசு. சோதிச்சுப் பாத்துட்டாங்க. காத்து வர்ற வழியெல்லாம் அடைச்சுட்டோம், அதனாலதான். லிஸ்ட்ல இருந்த மாதிரி கதவுக்கு அடியில ஈர டவல், ஓட்டையில பேப்பர்."

வாயைப் பொத்த நேரமில்லை. பாவம் அந்தப் பிள்ளை, அவருக்கு என்ன தெரியும்? யோகம் இடையில் பாய்ந்தாள். "அது நான் மாறி எழுதுவிச்சுப்போட்டன். நாங்கள் அப்பிடியில்லை, நாங்கள் யன்னலைக் கொஞ்சம் திறந்துதான்..."

அண்ணை அவளைப் பார்க்கவில்லை. வைதேகியைப் பார்த்தார். "தலையிடிச்சதோ, பிள்ளை?"

"தினமும் மாமா. வெளியில போனா போயிடும். அறைக்கு வந்தா திரும்ப வரும்."

"சத்தி?"

"ஆமாம்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தார். எழுந்து, கோட்டுப் போடாமல், பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார். பனிக்காற்று வீட்டுக்குள் அடித்தது. வைதேகி சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். நான் அவர்கள் இருவரையும் எழுப்பி, என் வீட்டில் கோப்பி குடிக்கலாம் வாருங்கள் என்று கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போய் விட்டேன். பிறகு அண்ணையின் கோட்டைக் கொடுக்கலாம் என்று திரும்பி வந்தேன்.

பல்கனிக் கதவு திறந்தே இருந்தது. ஒன்பதாம் மாடி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். யோகம் வெறுங்காலோடு பனிக்குள் நின்று அவருடைய சேர்ட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐஞ்சு மாசம், யோகம்" என்றார் அவர். "ஒவ்வொரு பின்னேரமும் நான்தான் நனைச்சு வைச்சனான். இறுக்கி, இறுக்கி வைச்சனான்."

"நீங்கள் எங்கை வைச்சனீங்கள்?" என்றாள் யோகம். "நீங்கள் வேலையாலை வரமுன்னம் நான் வைச்சுப் போடுவன். நான்தான் நனைச்சனான். உங்களுக்கு மறந்து போச்சு. நீங்கள் ஒருநாளும் தொடேல்லை."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆண்பிள்ளை அழுது நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் அழுதார். "உன்னிலை பிழையில்லை, யோகம், உனக்குத் தெரியாதுதானே" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார். அவளும் "ஓம், ஓம், எனக்குத் தெரியாது" என்று அவர் முதுகைத் தடவினாள்.

அந்த மாதங்களில் அவள் கட்டிலை விட்டு எழும்பவேயில்லை. நான் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.